ஆடிப் பதினெட்டில் மூழ்கிய மோட்டார் போட்டு

மீன்பிடி போட்டு எஞ்சின் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் நாலு பேர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தீர்கள். "அந்தக் காலத்துல ஒரு பழைய மோட்டார் போட்டை நீங்க ஓட வெச்சீங்களாமே, அந்தக் கதையைச் சொல்லுங்க" என்று கேட்டீர்கள். எவனோ அதை ஒரு சாதனை என்று உங்கள் காதில் போட்டிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் உங்களுக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். கோபம் உங்கள் மேல் இல்லை. வாயால் சொன்னால் நடுவில் எழுந்து போய்விடுவேன் என்று தெரியும், அதனால் எழுதித் தருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வில்லியனூருக்குத் தெற்கே ஆற்றோரம் இருந்த ஒரு நெல் மில்லில் எஞ்சின் மேஸ்திரி. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த காலம், இரண்டாவது யுத்தம் இன்னும் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்த எஞ்சின் மக்கர் பண்ணினாலும் என்னைக் கூப்பிட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். தலைக்கனம் என்றால் உங்கள் வீட்டு எங்கள் வீட்டுத் தலைக்கனம் இல்லை. எஞ்சின் ஓடினால் மற்றதெல்லாம் தன்னால் ஓடும் என்று நினைத்தவன் நான்.

மில் முதலாளிக்கு நெல்லும் கரும்புமாக நிறைய நிலம். அடுத்த எலெக்‌ஷனில் நின்று மேர் ஆகிவிட வேண்டும் என்று ஆசை. கொம்யூனுக்குத் தலைவரை அப்போது மேர் என்போம். ஊர் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் போட்டை வாங்கிப் போட்டிருந்தார். வாங்கினதோடு சரி. அது வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் ஒரு மூலையில் கிடந்தது. அடுப்பு அனலில் ஆறு வருஷம் கிடந்த மரம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் யோசிக்கவில்லை.

"மேஸ்திரி, ஆடிப் பதினெட்டுக்கு இது ஆத்துல ஓடணும். ரெண்டு கரை ஜனமும் பார்க்கணும்" என்றார் முதலாளி. ஓடும் என்றேன்.

அந்த ஆற்றில் அதுவரை ஒரே ஒரு தோணிதான். தண்ணீர் ஏறிவிட்டால் அக்கரை ஜனம் வில்லியனூர்ச் சந்தைக்கும் கோயிலுக்கும் அந்தத் தோணியில்தான் வர வேண்டும். தோணிக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் அப்பா தோணி விட்டதும் அதே துறையில்தான். துறை இறங்குகிற நிலம் முதலாளியுடையது, அவர் வாய்ச்சொல்தான் பத்திரம். அவர் விட்டால் தோணி, விடாவிட்டால் இல்லை. தோணிக்காரர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

இரண்டு மாதம் வேலை. எஞ்சினைப் பிரித்தது, சேர்த்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், அதை விட்டுவிடுகிறேன். பலகைச் சந்துகளில் பஞ்சுத்திரி வைத்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி அடைத்து, மேலே பச்சை வர்ணம் அடித்தோம். எஞ்சினைப் போட்டுக்குள் உட்கார வைத்துக் கொட்டகையிலேயே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கை தட்டியது. முதலாளி தன் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி என் கழுத்தில் போட்டார்.

அந்தக் கூட்டத்தில் தோணிக்காரரும் நின்றிருந்தார். போட்டைச் சுற்றி வந்தார். பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

"மேஸ்திரி, எஞ்சின் நல்லா பேசுது. பலகைதான் காஞ்சு கெடக்குது. நாலு நாள் ஆத்துல முழுகப் போடுங்க. வயிறு ரொம்பக் குடிக்கட்டும். அப்பறம் தண்ணிய எறைச்சிட்டு ஓட்டுங்க."

முதலாளி காதில் விழுந்தது அதில் ஒரே ஒரு வார்த்தைதான்.

"முழுகப் போடணுமா? டேய், பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு நல்ல நேரம் பார்த்து மொதத் தண்ணி காட்டணும்னு கீறேன். அதுக்கு முன்ன ஒரு சொட்டு ஆத்துத் தண்ணி படக்கூடாதுன்னு அய்யரு சொல்லியிருக்காரு. இவன் வாயில வர்ற வார்த்தையப் பாரு!"

கூட்டத்தில் எவனோ, "தோணிக்காரனுக்கு வயித்தெரிச்சல்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பக்கத்தில் வெயில் காலத்தில் வண்டிச் சக்கரம் காய்ந்து ஆரக்கால் ஆடினால் என்ன செய்வார்கள்? கழற்றிக் கொண்டுபோய்க் குளத்தில் ஊறப் போடுவார்கள். மரம் ஊதி இறுகிக்கொள்ளும். அன்றைக்கு அங்கே சிரித்த ஐம்பது பேரில் நாற்பது பேர் வீட்டுச் சக்கரம் அந்த வருஷம் குளத்தில் கிடந்து வந்ததுதான். சக்கரத்துக்குத் தெரிந்த நியாயம் போட்டுக்குத் தெரியாமல் போய்விட்டது. வெள்ளைக்காரன் செய்த பொருள் என்றால் நம் ஆளுக்கு இருக்கிற அறிவும் ஓடிவிடும்.

அவர் அதோடு விட்டுவிட்டுப் போயிருக்கலாம். மறுநாள் மத்தியானம் நான் தனியாக இருக்கும்போது மறுபடி வந்தார்.

"ஆத்துத் தண்ணிதான மொதல்ல படக்கூடாதுன்னாங்க? கெணத்துத் தண்ணி ஊத்துங்க. உள்ள வைக்கோலப் பரப்பி, காலையில பத்துக் கொடம், சாயங்காலம் பத்துக் கொடம். எட்டு நாள் கீது இன்னும். முதலாளி சொல்லும் கெடாது, போட்டும் கெடாது. நானே வந்து ஊத்தறேன்."

எவ்வளவு அழகான யோசனை பாருங்கள்! சாஸ்திரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்துக் கையில் கொடுக்கிறார். அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நான் உட்கார வைத்த எஞ்சினை மறுபடி வெளியே தூக்க வேண்டும். மாலை போட்ட எஞ்சினை நானே கழற்றுவதா? ஊர் என்ன சொல்லும்?

"யோவ், உன் வேலையப் பாரு. போட்டு ஓடினா உன் தோணி நின்னுடும்னு பயம் உனக்கு" என்றேன். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்த மனிதரை.

"அது எனக்குத் தெரியாதா மேஸ்திரி? போட்டு ஓடினா என் பொழப்பு பூடும். அதுக்காக ஆளுங்கள முழுவ வுட முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பிகளே, இந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் படியுங்கள். ஒருவனுக்கு நஷ்டம் வரும் என்பதற்காக அவன் சொல்வது பொய்யாகிவிடாது. ஒரு வேலை முடிந்தால் யார் வயிற்றில் அடிபடுமோ அவனுக்குத்தான் அந்த வேலையின் சங்கதி மற்றவனைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவனை வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்று சொல்லி ஒதுக்குகிற மடையன்தான் நம் தொழிலில் பெரிய மேஸ்திரி என்று பெயர் வாங்குகிறான். நான் வாங்கினேன்.

அந்த வருஷம் மேற்கே நல்ல மழை. ஆடியிலேயே ஆறு கரை தொட்டு ஓடியது. பதினெட்டாம் பெருக்கு அன்று காலையில் நானே போட்டுக்கு அடியில் படுத்து ஒவ்வொரு சந்தாகப் பார்த்தேன். அடைப்பு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. இதை மறந்துவிடாதீர்கள். நான் என் கையால் தொட்டுப் பார்த்தேன்.

இரண்டு கரையிலும் ஜனம். பெண்கள் காப்பரிசியும் காதோலை கருகமணியும் கொண்டுவந்து படைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய் உடைத்துப் போட்டைத் தண்ணீரில் தள்ளினார்கள். முதலாளி, அவர் சம்சாரம், இரண்டு பெண்பிள்ளைகள், அய்யர், எஞ்சினடியில் நான். தோணிக்காரர் தன் தோணியை ஆற்றில் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திக் கழியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

எஞ்சின் பிடித்தது. கரையில் ஒரே கூச்சல். கால்வாசி தூரம் போனதும் என் பாதம் நனைந்தது. குனிந்து பார்த்தேன். அடிப்பலகைக்கு மேல் தண்ணீர் வந்திருந்தது. ஒரு சந்து இரண்டு சந்து இல்லை, எல்லாச் சந்திலும் கசிந்தது. எஞ்சின் அதிர அதிர அடைப்பு இளகி இன்னும் வழிவிட்டது.

அந்த நிமிஷத்தில் திருப்பியிருந்தால் கரை சேர்ந்திருப்போம். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்திருக்கலாம். அவமானம் ஒன்றுதான் மிச்சம். ஆனால் கரையில் ஜனம் கத்திக்கொண்டிருந்தது, முதலாளி கை ஆட்டிக்கொண்டிருந்தார். "வேகமா வுடு மேஸ்திரி!" என்றார். நான் வேகமாக விட்டேன். பெண்பிள்ளைகள் தண்ணீரைப் பார்த்துவிடாதபடி ஒரு சாக்கை இழுத்துப் போட்டேன். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற போட்டில் ஓட்டையைச் சாக்குப் போட்டு மூடினவன் நான்.

நடு ஆற்றில் பிளைவீல் தண்ணீரைத் தொட்டது. நாலு பக்கமும் வாரி இறைத்தது. மாக்னெட்டோ நனைந்து பொறி விழாமல் எஞ்சின் நின்றது. அங்கே இரண்டு ஆள் ஆழம். பெண்பிள்ளைகள் அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தோணி எங்கள் பக்கத்தில் வந்துவிட்டது. எஞ்சின் நிற்பதற்கு முன்பே அவர் கழியை ஊன்றிவிட்டிருந்தார். முதலில் குழந்தைகள், அப்புறம் அம்மா, அய்யர், முதலாளி, கடைசியில் நான். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் போட்டார். தோணி நகர்ந்ததும் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து முழுகிப் போனது.

ஒரு உயிரும் போகவில்லை. அந்த மனிதரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா?

அன்று சாயங்காலமே மில் களத்தில் பஞ்சாயத்து. முதலாளிக்கு மானம் போய்விட்டது. எலெக்‌ஷன் வருகிறது. யாராவது ஒருவன் தலையில் இறக்கி வைத்தாக வேண்டும். தோணிக்காரரைக் களத்து நடுவில் நிறுத்தினார்கள்.

"முழுகப் போடுன்னு மொதல்லயே சொன்னவன் இவன். எஞ்சின் நிக்கறதுக்கு முன்னயே தோணிய ஓட்டிக்கினு வர்றான். முழுவப் போவுதுன்னு இவனுக்கு எப்பிடித் தெரியும்? இவன்தான் அடைப்பப் புடுங்கி வெச்சிருக்கான்!" என்றார் முதலாளி.

குழந்தைகளைக் காப்பாற்ற வந்ததே குற்றத்துக்குச் சாட்சி! பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அங்கே என் உருவத்தில் தலை துவட்டிக்கொண்டு நின்றது.

"நான் எதுக்கு சாமி புடுங்கறேன்? நாலு நாள் ஊறப் போடச் சொன்னேன். கெணத்துத் தண்ணியாவது ஊத்தச் சொன்னேன். மேஸ்திரியக் கேளுங்க" என்றார் அவர்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "என்னா மேஸ்திரி? அடைப்ப எவனாவது புடுங்கியிருந்தாத்தான இப்பிடித் தண்ணி வரும்?"

காலையில் நான் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் இருந்தபடி இருந்தது. எனக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் யோசனையைத் துரத்தியடித்தவன் நான். அதுவும் எனக்குத் தெரியும். களத்தில் நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே வார்த்தை. அதோடு முடிந்தது. போலீஸுக்கு எழுதிக் கொடுக்கிறேன், இல்லாவிட்டால் துறையை விட்டுப் போய்விடு என்றார் முதலாளி. தோணிக்காரர் என்னை ஒரு தரம் பார்த்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோணியை மில்லுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுச் சங்கிலி மாட்டினார்கள். அதற்கு மூன்றாம் நாள் அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

இருக்கலாம்! நம் தொழிலில் இதைவிடக் கேடுகெட்ட வார்த்தை கிடையாது. தெரியாததற்கு "தெரியாது" என்று சொல்லுங்கள், யாரும் தலையை வாங்கிவிட மாட்டார்கள். தெரிந்துகொண்டே சொல்கிற "இருக்கலாம்" பச்சைப் பொய். பொய்யனுக்காவது துணிச்சல் உண்டு, இதைச் சொல்கிறவனுக்கு அதுவும் இல்லை. போன மாதம் உங்களில் ஒருவர், போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டு, ஷாப்டு போனதற்கு "டிரைவர் ஓட்டுன வெதமா இருக்கலாம்" என்று போட்டுக்காரரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த டிரைவர் இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று போய் விசாரித்தீர்களா? இந்தக் கடிதம் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்பது நாள் கழித்து ஆறு வடிந்தது. எஞ்சினையாவது எடுக்கலாம் என்று முப்பது ஆளும் நாலு ஜோடி மாடும் கட்டி இழுத்துப் போட்டைக் கரையோரம் கொண்டுவந்தோம். தண்ணீரை இறைத்தார்கள். இறைக்க இறைக்கப் போட்டு எழும்பியது. முழுக்க இறைத்த பிறகு நான் உள்ளே உட்கார்ந்து அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு சொட்டு வரவில்லை. மரம் ஊறி இறுகி, வைத்த அடைப்பு சந்து நெடுகப் பிதுங்கி நின்றது. ஒரு விரல்கடை நீளம்கூடக் குறையவில்லை. எவனும் எதையும் பிடுங்கவில்லை என்று போட்டே சொல்லிக்கொண்டு மிதந்தது.

கரையில் இருந்தவர்களுக்கும் புரிந்தது. எல்லோரும் வண்டிச் சக்கரம் ஊறப் போடுகிறவர்கள்தானே! ஒருவனும் வாய் திறக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்கள்? முதலாளி குடையின் கீழ் நின்றுகொண்டிருந்தார். நான் போட்டுக்குள் எழுந்து நின்றேன்.

"முதலாளி, நான் சொன்னது பொய். அடைப்ப யாரும் புடுங்கல. அன்னிக்குக் காலையில நானே தொட்டுப் பார்த்தேன். கெணத்துத் தண்ணி ஊத்தச் சொல்லி அவரு வந்து கேட்டாரு, நான்தான் தொரத்தி வுட்டேன். முழுவனது என்னால" என்று கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

முதலாளி வெற்றிலையைத் துப்பினார். "இப்ப மெதக்குது இல்ல? அத்தோட வுடு மேஸ்திரி. எஞ்சினப் பாரு."

"அவரு துறை?"

"துறைக்குத்தான் போட்டு வந்துடுச்சே. வேணும்னா அவன வரச் சொல்லு. போட்டுல கழி புடிக்கட்டும்."

கையில் இருந்த ஸ்பேனரை ஆற்றில் வீசினேன். அன்றோடு அந்த மில்லில் என் வேலை முடிந்தது. அதைத் தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு டவுனில் வேலை கிடைக்கும் என்று தெரிந்துதான் வீசினேன். போட்டை வேறொருவன் ஓட வைத்தான். பெயர் மட்டும் எனக்கு வந்தது, அதுதான் உங்கள் காதுவரை வந்திருக்கிறது.

தோணிக்காரர் மடுகரைப் பக்கம் கரும்பு வெட்டுகிறார் என்று சொன்னார்கள். நடந்தே போனேன். நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை குறுக்கிடும், சுங்கச் சாவடிக்காரன் மடியைத் தடவிப் பார்த்துவிட்டு விட்டான். கரும்புக் கொல்லையில் அவர் முழங்கையெல்லாம் சோகை இலை கிழித்த கோடு. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அதுவரை "நீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர்.

"இன்னா, இவ்ளோ தூரம் வந்துட்டே?"

எல்லாவற்றையும் சொன்னேன். போட்டு எழும்பியது, ஒரு சொட்டு கசியாதது, நான் கரையில் கத்தியது, முதலாளி சொன்னது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் கத்தியைக் கரும்பில் குத்தி நிறுத்தினார். "களத்துல நின்னவனுங்க ஆயிரம் பேசுனானுங்க. அவனுங்களுக்கு இன்னா தெரியும், வுடு. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிதான சொன்னே?"

"ஆமாம்."

"செரி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் போட்டு மெதக்காமப் பூட்டிருந்தா, கரையில கத்தியிருப்பியா?"

அவர் அவசரப்படுத்தவில்லை. வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்கள் ஒரு வரிசை தாண்டிப் போகும்வரை அங்கேயே நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு குனிந்து அடுத்த கரும்பை வெட்டினார்.

கத்தியிருப்பேன் என்று இங்கே எழுதிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? முதலாளியும் இல்லை, அவரும் இல்லை. அப்படி எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.